சித்திரை வெயிலும் சிங்காரப் பாட்டும்

சென்ற சித்திரை மாதத்தில் கரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தோழர் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தோம். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. பகல் ஒரு மணி இருக்கும். பந்தலின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டி, சினிமாப் பாட்டு ஒன்று மாற்றி ஒன்று அலறிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் ஆண் எரிகிறான். அடுத்த பாட்டில் பெண் எரிகிறாள். அவள் பார்வைதான் கத்திரி வெயிலாம், அவள் மூச்சுதான் அனல் காற்றாம், அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் மார்கழியும் சித்திரையாகிவிடுமாம். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்கள்.

அந்த நேரத்தில் பந்தலுக்குப் பின்புறம், கோட்டையடுப்புக்குப் பக்கத்தில், காலையிலிருந்து விறகும் தண்ணீர்க் குடமும் சுமந்துகொண்டிருந்த ஆள் ஒருவர் தடாலென்று விழுந்துவிட்டார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, பேச்சு குழறிற்று. முதலில் "குடித்திருக்கிறான்" என்றார்கள். குடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு, ஒரு பெரியவர், "உச்சி வேளையில் புளியமரத்தடியில் போனான், முனி அறைந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொன்னார். உடனே ஒருவர் சூடத்துக்கு ஓடினார், ஒருவர் வேப்பிலைக்கு ஓடினார். தண்ணீருக்கு ஓடியவர் யாருமில்லை. நாமும் இன்னொரு தோழரும் அவரை நிழலுக்கு இழுத்துப் போய், சட்டையைக் கழற்றி, நனைத்த வேட்டியை மேலே போட்டு விசிறிக்கொண்டிருந்தோம். அப்போது தலைக்கு மேலே ஒரு பெண் குரல், தன் தேகம் தகிக்கிறதென்றும், அவன் வந்து தொட்டால்தான் ஆறுமென்றும் ராகம் இழுத்துக்கொண்டிருந்தது. நம்மோடு நின்று விசிறிய இளைஞர் ஒருவர் விசிறிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தார். அவர் கெட்டவரல்லர், நல்ல பிள்ளை. பாட்டில் எரிகிறவளும் கீழே எரிகிறவரும் அவர் மனத்தில் சந்திக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. அன்றைக்கு அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

வெயிலால் மனிதன் செத்துப்போகிற ஒரு நாட்டில், வெயிலைக் காதலுக்கு உவமையாக்கிப் பாடியவர்கள் யார், யாருக்காகப் பாடினார்கள், அதனால் யாருக்கு என்ன வந்தது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

"கவிஞனுக்கு உவமை சொல்லக்கூட உரிமை இல்லையா? நீ ஏன் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு கவிதைக்குள் நுழைகிறாய்?" என்று பண்டிதர்கள் கேட்பார்கள். உவமை சொல்லட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. வள்ளுவரே காமத்தைத் தீயென்று சொல்லியிருக்கிறார். விலகினால் சுடுகிறது, கிட்டே போனால் குளிர்கிறது, இப்படிப்பட்ட தீயை இவள் எங்கே பெற்றாள் என்று ஆண் கேட்கிறான். தொட்டால் சுடுகிற தீயைத் தெரியும், விட்டால் சுடுகிற தீ இதுதான் என்று இன்னோர் இடத்தில் பெண் சொல்லுகிறாள். இரண்டு பேரும் பேசுகிறார்கள், இரண்டு பேருக்கும் சுடுகிறது. ஒருவருக்கு வியாதி, மற்றவர் வைத்தியர் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. அது உவமையாகவே வந்து உவமையாகவே போய்விடுகிறது. ஆனால் ஒரு உவமை ஏட்டிலிருந்து இறங்கி வந்து, வீட்டுக்குள் புகுந்து, சாஸ்திரமாகவும் வைத்தியமாகவும் சட்டமாகவும் உட்கார்ந்துகொண்டால், அப்போது தெர்மாமீட்டரை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒரு விஷயம். வெயிலை இன்பமாகப் பாடுகிற வழக்கம் குளிர் தேசத்தானுக்குப் பொருந்தும். லண்டனில் ஜூலை மாதப் பகலில் சாதாரணமாக 23, 24 டிகிரி இருக்கும். நமக்கு அது ஊட்டி. ஆறு மாதம் இருட்டிலும் ஈரத்திலும் கிடந்தவனுக்குக் கோடை வந்தால் காதல் வந்த மாதிரிதான் இருக்கும். ஆகவே ஷேக்ஸ்பியர் தம் அன்புக்குரியவரைக் கோடை நாளோடு சேர்த்துப் பேசியதில் குற்றமில்லை. அதே இங்கிலாந்தில் 2022 ஜூலை 19ந் தேதி முதல் முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது, ரயில் தண்டவாளம் வளையும் என்று பயந்து வண்டிகளை நிறுத்தினார்களே தவிர, யாரும் சிருங்காரம் பாடவில்லை. அமெரிக்காவில் 1963-இல் மார்த்தாவும் அவருடைய வாண்டெல்லாஸ் குழுப் பெண்களும் காதலை வெப்ப அலை என்று பாடிப் பெரும் பெயர் வாங்கினார்கள். ஆனால் அதே நாட்டில் 1948-இல் கோல் போர்ட்டர் என்பவர் ஒரு நாடகத்துக்கு எழுதிய பாட்டில், இந்தப் புழுக்கத்தில் காதல் செய்ய எவனுக்கு முடியும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மே மாதத்தில் வேலூரிலோ திருத்தணியிலோ ஓட்டு வீட்டில் குடியிருக்கிற புருஷன் பெண்சாதி எவரைக் கேட்டாலும் போர்ட்டர் கட்சிதான் பேசுவார்கள்.

நம் பழந்தமிழரும் இதை அறிந்தவர்கள்தான். வேனில் காலத்தையும் நண்பகலையும் அவர்கள் எந்தத் திணைக்கு வைத்தார்கள்? கூடலுக்கா? இல்லை. பாலைக்கு, அதாவது பிரிவுக்கு வைத்தார்கள். முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் காய்ந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அகநானூற்றில் உள்ள 400 பாட்டில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாட்டும் பாலைப் பாட்டு, சரிபாதி. அந்தப் பாட்டுகளில் வெயில் யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். பொருள் தேடப் போகிற ஆண்மேல் விழுகிறது. தண்ணீரில்லாத வழி, இலையில்லாத மரம், வழிப்பறிக்காரர், பட்டையை உரித்துத் தின்கிற யானை. வீட்டில் இருக்கிறவள் தன் உடம்பு எரிகிறதென்று சந்தனம் கேட்கவில்லை. அந்த வெயிலில் அவன் எப்படி நடப்பான் என்று நினைத்து வாடுகிறாள். கஞ்சிக்கு வழியில்லாமல் வெளியூருக்குப் போனவனுடைய வீட்டில் இன்றைக்கும் இருக்கிற வாட்டம் அது. துபாயிலும் குவைத்திலும் 45 டிகிரியில் கட்டட வேலை செய்கிறவனுடைய பெண்சாதி, செல்பேசியில் முதலில் கேட்கிற கேள்வி, "அங்கே வெயில் எப்படி?" என்பதுதான்.

இதைச் சொல்வதால் சங்க காலம் சொர்க்கமாயிருந்தது என்று நாம் கூறுவதாக யாரும் எண்ணவேண்டாம். அங்கேயும் போகிறவன் ஆண், காத்திருக்கிறவள் பெண். பக்கத்து மருதத் திணைக்குப் போனால் அவன் பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வருகிறான், அவள் கதவைத் திறக்கிறாள். ஆனாலும் வெயிலை வெயிலாகவே சொன்னார்கள். அந்த யோக்கியதை பின்னால் வந்தவர்களிடம் போய்விட்டது.

பின்னால் வந்த உலாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் யானைமேல் தெருவில் போவான். அவனைப் பார்த்த பெண்களெல்லாம் தெருவிலேயே வெந்துபோவார்கள். நிலாச் சுடும், தென்றல் சுடும், முத்துமாலை பொரியும். அந்தப் பெண்களுக்கு வயது வாரியாகப் பட்டியல் வேறு: பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13 என்று தொடங்கிப் பேரிளம்பெண் 40 வயது வரை ஏழு பருவம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் படிக்கவேண்டிய பெதும்பையிடமே முதற்பொறியைத் தேடுகிற புலவர்களைக் கவிச்சக்கரவர்த்தி என்றார்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழ ராஜாக்களுக்கு மூன்று உலாப் பாடினார். பத்து வயதுப் பெண்ணைக் கிழவனுக்குக் கட்டிக்கொடுத்த தேசத்தில், அந்தக் கலியாணத்துக்கு எத்தனை நூற்றாண்டு முன்பே பாட்டுத் தயாராக இருந்தது பாருங்கள்! பெண்ணுக்கு 14 வயதாவது ஆகவேண்டும் என்று சட்டம் செய்ய 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் "சாஸ்திரம் போச்சு" என்று கூக்குரலிட்டவர்கள் கொஞ்சமா?

பக்திமான்கள் செய்தது இன்னும் விசேஷம். ஆண் புலவரே பெண் வேஷம் போட்டுக்கொண்டு கடவுளுக்காக எரிந்தார். நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார், திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். ஏன் ஆணாக இருந்துகொண்டே எரியக் கூடாது? எரிவதும் ஏங்குவதும் காலில் விழுவதும் கீழே இருக்கிறவர் வேலை, குளிரச் செய்வது மேலே இருக்கிறவர் வேலை என்பது அவர்கள் கணக்கு. ஆகவே தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டுமென்றால் பெண்ணாக மாறவேண்டியிருக்கிறது. பக்திப் பாட்டாக இருந்தாலும் பெண்ணுக்குக் கொடுத்த இடம் எது என்பது இதிலேயே தெரிந்துபோகிறது.

அடுத்தது மன்மதன். கரும்பு வில், வண்டு நாண், ஐந்து பூ அம்பு, தென்றல் தேர். இந்த ஆளைச் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் சுட்டுச் சாம்பலாக்கினார் என்கிறார்கள். மாயவரத்துக்குப் பக்கத்தில் திருக்குறுக்கை என்ற ஊரில் இடம்கூடக் காட்டுகிறார்கள். அப்படியானால் சாம்பலானவன் எய்த அம்பு நம் சினிமாக் கதாநாயகிமேல் எப்படிப் பாய்கிறது? தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாசி மாதம் காமன் பண்டிகையில் இதற்கென்றே லாவணி கட்டிப் பாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. சிறுவயதில் இரவு முழுவதும் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட நமக்கு, ஒரு கேள்விக்கு இரண்டு பக்கமும் வாதம் செய்யலாம் என்று முதன்முதல் காட்டியது அந்த டேப் அடிதான். அந்த அளவுக்கு அதற்கு நன்றி சொல்லுகிறோம். ஆனால் விடியும் வரையில் எரிந்த கட்சிக்காரரும் சரி, எரியாத கட்சிக்காரரும் சரி, மன்மதன் என்று ஒருவன் இருந்தானா என்று கேட்டதில்லை. நாம் ஒரு தடவை கேட்டோம். "பையா, நீ எந்தக் கட்சி?" என்று அடிக்க வந்தார்கள்.

நிற்க. பதங்கள் என்று ஒருவகைப் பாட்டு உண்டு. க்ஷேத்ரய்யர் தெலுங்கில் பாடினார், நம் பக்கத்தில் கனம் கிருஷ்ணையர் முதலானவர்கள் தமிழில் பாடினார்கள். சங்கீதத்தில் அவை உயர்ந்தவை என்று தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். ராகத்தோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் விஷயம் என்ன? நாயகி விரகதாபத்தால் துடிக்கிறாள். தோழிகள் வாழைக்குருத்தைப் பரப்பி அவளைப் படுக்கவைக்கிறார்கள். பன்னீர் தெளிக்கிறார்கள். சந்தனம் பூசுகிறார்கள், பூசிய சந்தனம் பொரிந்து உதிர்கிறது. விசிறுகிறார்கள். ஒன்றும் பலிக்கவில்லை, "சாமி" வந்தால்தான் தீரும். அந்தச் சாமி யாரென்று பார்த்தால் சில பாட்டில் கோயிலில் இருக்கிற கல்லுச்சாமி, சில பாட்டில் அரண்மனையில் இருக்கிற ஜமீன்தார்! கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் ஜமீன்தார்மேல் பதம் பாடியவர் என்பதை உ. வே. சாமிநாதையரே அவருடைய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோழிகள் செய்த வைத்தியம் முழுவதும் சரியானது. நிழலில் படுக்கவைப்பது, துணியைத் தளர்த்துவது, உடம்பை ஈரமாக்குவது, விசிறுவது, இதைத்தான் இன்றைக்கு டாக்டர்களும் சொல்லுகிறார்கள். நோயாளிதான் தவறு! அந்த வைத்தியம் வேண்டியது அரண்மனைக்குப் பல்லக்குத் தூக்கி வந்தவனுக்கு, ஜமீன்தார் தலைக்குமேல் பங்கா இழுத்தவனுக்கு, அந்தச் சந்தனத்தை அரைத்தவளுக்கு. உடையார்பாளையத்து வெயிலில் களை எடுத்தவள் மயங்கி விழுந்தாள் என்று எந்தப் பதமாவது உண்டா? அவள் விழுந்தால் முனி அறைந்தது. நாயகி விழுந்தால் விரகதாபம். முனிக்குச் சூடம், தாபத்துக்குச் சந்தனம். ஜாதியைப் பார்த்து வியாதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதங்களைச் சபையில் பாடி ஆடியவர்கள் யார்? பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள். எவளுக்கு "மாட்டேன்" என்று சொல்லுகிற உரிமை ஊரிலேயே குறைவாக இருந்ததோ, அவள் வாயில்தான் "நீ வராவிட்டால் வெந்துபோவேன்" என்ற பாட்டை வைத்தார்கள். கேட்கிற பிரபுவுக்குத் தன் பணத்தால் அவள் வந்தாள் என்ற கூச்சம் போய், தன் அழகால் வெந்து வந்தாள் என்ற பெருமை உண்டாகிவிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சட்டசபையில் போராடியபோதும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் தாசிகள் மோசவலை எழுதியபோதும் அவர்கள் எதிர்த்தது இந்தப் பொய்யையுந்தான். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். பெண்ணுடைய ஆசை என்பது அவளுடைய விருப்பமல்ல, அவள் உடம்பில் ஏறுகிற ஒரு சூடு, அதை இறக்குவதற்குப் புருஷன் வேண்டும் என்று ஆயிரம் பாட்டில் சொல்லிவிட்டார்கள். சரி, அந்தப் புருஷன் செத்துப்போனால்? சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்! ஆகவே விதவைக்கு வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, வெற்றிலை கூடாது, பூ கூடாது, மெத்தை கூடாது, ஒரு வேளைச் சோறு, ஏகாதசிப் பட்டினி. மேல்ஜாதி வீடுகளில் தலையையும் மழித்தார்கள். பாட்டு வேறு, மொட்டை வேறு என்று எண்ணாதீர்கள். இரண்டும் ஒரே வைத்திய புத்தகத்தின் இரண்டு பக்கம். பாட்டில் சந்தனம் பூசிய கைதான் வீட்டில் சவரக்கத்தியைப் பிடித்தது.

நம் பாட்டியின் தங்கை ஒருவர் இருந்தார். 14 வயதில் தாலி அறுத்தவர். எங்கள் குடும்பம் சாஸ்திரம் படித்த குடும்பமல்ல. ஆனால் மேலே இருக்கிறவன் செய்வதைச் செய்தால் தாமும் மேலே போய்விடலாம் என்று நினைத்த குடும்பம். ஆகவே வெங்காயம் அந்த அம்மாள் தட்டில் விழுந்ததில்லை. சித்திரை மாதத்திலும் அடுப்பங்கரைத் தரையில், ஜன்னல் இல்லாத இடத்தில்தான் படுக்கை. திண்ணையில் காற்று வரும், ஆனால் திண்ணையில் படுத்தால் தெருவில் போகிறவன் பார்ப்பானாம். ஒரு நாள் மத்தியானம் ரேடியோவில் ஒரு பதக் கச்சேரி. நாங்கள் சிறு பிள்ளைகள், அர்த்தம் கேட்டோம். அந்த அம்மாள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னார்: "அவளுக்கு எரிஞ்சா நாலு பேர் விசிறுவாங்கடா. எனக்கு எரியுமேன்னு வெங்காயத்தை நிறுத்தினாங்க. எனக்கு எரிஞ்சது அடுப்புதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். விதவை மறுமணச் சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. அந்த அம்மாள் 1939-இல் தாலி அறுத்தார். நடுவில் 83 வருஷம். யாரும் அவரிடம், "உனக்கு இன்னொரு கலியாணம் வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விருப்பம் என்றால் கேட்கவேண்டும், சூடு என்றால் கேட்கவேண்டியதில்லை அல்லவா?

பேசும்படம் 1931-இல் வந்தது. வந்தவுடன் பழைய சரக்கெல்லாம் கொட்டகைக்குள் இறங்கிவிட்டது. 1944-இல் வந்த ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்ட படம். அதில் மன்மதனுடைய லீலையை வெல்ல முடியாதென்று பாகவதர் பாடியதை, திருக்குறுக்கைச் சாம்பலை மறந்து ஊரே பாடிற்று. பிறகு நாளாக ஆக மன்மதன் போய்விட்டான், தோழி போய்விட்டாள், சந்தனம் போய்விட்டது. வெயில் மட்டும் நின்றுகொண்டது. அதுவும் எங்கே பிடித்த வெயில்? ஊட்டியிலும் காஷ்மீரிலும் ஸ்விட்ஜர்லாந்திலும் பனிக்குள் நின்றுகொண்டு, கதாநாயகன் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு "எரிகிறேன்" என்று பாடுகிறான். பக்கத்தில் கதாநாயகி மெல்லிய சேலை கட்டிக்கொண்டு விறைத்துப்போய்ச் சிரிக்கிறாள். எரிகிறவனுக்குக் கோட்டு, விறைக்கிறவளுக்கு மெல்லிய சேலை! இதைப் பார்த்து யாரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் போக முடியவில்லை. சினிமாப் பாட்டில் ஒரு மாறுதல் நடந்திருக்கிறது. பழைய பதத்தில் எரிந்தவள் பெண். இப்போது பெரும்பாலும் எரிகிறவன் ஆண். முன்னேற்றந்தானே என்று தோன்றும். கவனித்துப் பாருங்கள். பெண் எரிந்தபோது அது அவள் வியாதி, அவள் ஆணுடைய வாசலில் காத்துக்கிடந்தாள். ஆண் எரிகிறபோது அது அவள் குற்றம்! அவள்தான் நெருப்பு, அவள்தான் வெயில், அவள்தான் கொளுத்தினாள், ஆகவே அவள்தான் வந்து அணைக்கக் கடமைப்பட்டவள். எரிந்தாலும் அவள் தலையில், எரிக்கப்பட்டாலும் அவள் தலையில். அவள் பஸ்ஸுக்கு நின்றாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அவளைத் தெருத் தெருவாகத் தொடர்ந்து போவதைப் பாட்டாக்கிக் காதல் என்று காட்டினார்கள். நிஜத் தெருவில் அப்படித் தொடர்ந்துபோய் ஒரு மாணவியின் உயிர் போன பிறகு, 1998-இல் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் செய்யவேண்டி வந்தது. "மாட்டேன்" என்று சொன்ன பெண்ணின் முகத்தில் திராவகம் வீசுவதைத் தனிக் குற்றமாக்கி 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திய செய்திகளையும் பத்திரிகைகளில் படித்திருக்கிறீர்கள். பாட்டுத்தான் இதைச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. செய்தவன் மனிதன், தண்டனையும் அவனுக்குத்தான். ஆனால் "என்னை எரிய வைத்தாள், அதனால் எரித்தேன்" என்று அவன் நினைக்கிறபோது, அந்த நினைப்புக்கு வார்த்தை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

வெயிலைப் பற்றியே இவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு? பாட்டில் வருகிற "கத்திரி" பஞ்சாங்கத்துக் கத்திரி. காண்டவ வனத்தைத் தின்ற அக்கினி பகவானுடைய கதையை அதற்குச் சொல்லுகிறார்கள். நெய்யைத் தின்று அஜீரணம் பிடித்த பகவானுக்குக் காட்டைக் கொளுத்தி மருந்து கொடுத்தார்களாம். காட்டில் இருந்தவர்கள் கதி என்ன என்று கேட்கக் கூடாது. உண்மை என்னவென்றால், சூரியன் வடக்கே நகரும்போது கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், சென்னைக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் வருகிறது. தரை சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு கக்குவதாலும், மேற்கேயிருந்து வறண்ட காற்று வருவதாலும் மே மாதம் கொதிக்கிறது. கத்திரி வழக்கமாக மே 28-ஓடு முடிந்துவிடும் என்பது பஞ்சாங்கம். சென்னையில் 45 டிகிரி கொளுத்திய நாள் 2003 மே 31. வெயிலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியவில்லை.

மனித உடம்பின் உள்சூடு 37 டிகிரி. வியர்வை ஆவியாவதால்தான் அது நிலைத்து நிற்கிறது. வியர்க்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும், காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை காயாவிட்டாலும், அந்தச் சூடு ஏறும். 40-ஐத் தாண்டினால் புத்தி தடுமாறும், உயிர் போகும். காதலால் இதில் ஒரு டிகிரிகூட ஏறி யாரும் செத்ததில்லை. நெஞ்சு படபடக்கும், முகம் சிவக்கும், அது சுகமான காரியந்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெந்து சாகிறவர்கள் தார் ரோடு போடுகிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் வெள்ளை வெயிலில் நிற்கிறவர்கள். உப்பளத்துப் பெண்கள் பலர் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். இவர்களுடைய தாபத்துக்கு எந்த ராகம்? 2024 அக்டோபரில்தான் தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்று உத்தரவு போட்டது. செத்த பிறகு கொடுக்கிற பணம் வேண்டியதுதான். சாவதற்கு முன்னால் நிழலும் தண்ணீரும் நடுப்பகல் ஓய்வும் கட்டாயமாகக் கிடைக்கவேண்டும் என்பதைக் கேட்கவேண்டியவர்கள் நாம்.

பாட்டெழுதுகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. காதலை எழுதாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. சாமியாரும் பண்டாரமுந்தான் அப்படிச் சொல்லுவார்கள். ஒரு பெண் தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று நேராக நின்று சொல்லுகிற மாதிரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் அவன் "சரி" என்று திரும்பி நடக்கிற மாதிரி ஒரு பாட்டாவது எழுதுங்கள். மெட்டுக்கு உட்காராது என்றால் மெட்டை மாற்றுங்கள். வேகாத வெயிலில் ஒருவன் வேலை செய்துவிட்டு வருகிறான், அவள் ஒரு செம்பு மோர் கொடுக்கிறாள், அல்லது அவள் வேலை செய்துவிட்டு வருகிறாள், அவன் கொடுக்கிறான், இதில் உங்களுக்குக் காதல் தெரியவில்லையென்றால் உங்கள் கண்ணைத்தான் காட்டவேண்டும்.

வருகிற சித்திரையிலும் வைகாசியிலும் கலியாணம் வைத்திருக்கிற தோழர்கள், பந்தல் போடும்போது பின்பக்கம் அடுப்பு வேலைக்காரருக்கும் ஒரு கீற்றுக் கொட்டகை போடச் சொல்லுங்கள். ஒரு பானை மோர், கொஞ்சம் உப்பு, போதுமான தண்ணீர் வையுங்கள். பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரையில் ஆள் மாற்றி வேலை வாங்குங்கள். யாராவது விழுந்தால் சூடத்துக்கு ஓடாமல் நிழலுக்குத் தூக்குங்கள், ஈரத்துணி போட்டு விசிறுங்கள், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், 108-க்குச் சொல்லியனுப்புங்கள். கூலியைப் பிடிக்காதீர்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் அந்த நேரத்துக்காவது நிறுத்தச் சொல்லுங்கள். கரூர்க் கலியாணத்தில் விழுந்த அந்த ஆள் கண்ணைத் திறந்தவுடன் முதலில் கேட்டதும், "அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்பதுதான்.